அரைச் சுரம் கீழே

காலை பத்து மணிக்கு ஒரு காதல் முறிய வேண்டும்.
ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டேன்.
வண்டி நிறுத்த இடம் கிடைக்காவிட்டால்
முறிவு தாமதமாகும்,
தாமதமானால் அடுத்த முறை
வேறொருவனைக் கூப்பிடுவார்கள்.

நாஷ்வில்லில் எனக்கு யாரும் சுரம் எழுதித் தருவதில்லை.
ஒரு தாள், அதில் எண்கள்.
ஒன்று, நாலு, ஒன்று, ஐந்து.
மளிகைக் கடைக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்த துண்டுச் சீட்டைப் போல.
ஆறுக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கோடு கிழித்திருந்தால்
அங்கே அவள் வீட்டைவிட்டுப் போகிறாள்.

பாட்டில் ஒரு பிக்கப் வண்டி வரும்.
நான் ஓட்டுவது கதவு ஒடுங்கிய ஹோண்டா.
பாட்டில் அப்பாவின் சோளக்காடு வரும்.
என் அப்பா ஆக்ரனில் டயர் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்,
சோளத்தை டப்பாவில் தவிர வேறெங்கும் கண்டதில்லை.
இருந்தும் அந்தக் காட்டில் காற்று வீசுவது
என் இடது கைச் சுண்டுவிரலால்தான்.

பாடகி ப்ரீ ஆன் ஸ்டோவாலுக்கு இருபத்திரண்டு வயது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தேனில் எலுமிச்சை பிழிந்து குடிக்கிறாள்.
தயாரிப்பாளர் மேபெரி ஹெட்ஃபோனுக்குள் வந்து சொல்கிறார்:
"இன்னும் கொஞ்சம் சோகம், ஹோல்கம்.
ஆனால் அழுகிற சோகம் வேண்டாம்.
வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிற மாதிரி."
இருபத்தாறு வருடமாக இந்த மொழி எனக்குப் புரிகிறது.
பிரிட்ஜிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி மீட்டுகிறேன்.
"அதேதான்," என்கிறார்.

ஸ்டீல் வாசிக்கிற ஆர்வில் டாக்கெட்
டேக்குகளுக்கு நடுவே குறுக்கெழுத்து போடுகிறான்.
"நாலெழுத்து. கடனைத் திருப்பித் தராதவன்?"
"மச்சான்,"
ட்ரம்ஸ் கூண்டுக்குள்ளிருந்து பதில் வருகிறது.

மூன்றாவது டேக்கில் ப்ரீ ஆன் கை தூக்கினாள்.
மேலே எட்டவில்லை,
அரைச் சுரம் கீழே போகலாமா?
போகலாம். தாளில் எதையும் திருத்த வேண்டியதில்லை.
ஒன்று ஒன்றாகவே இருக்கும்,
நாலு நாலாகவே.
வீடு மட்டும் ஒரு படி இறங்கியிருக்கும்.
கேப்போவை ஒரு ஃப்ரெட் பின்னுக்குத் தள்ளினேன்.

கிட்டார் பெட்டியில், ஒயர்ச் சுருளுக்கு அடியில்
இன்னொரு தாள் கிடக்கிறது.
கவுண்டி நீதிமன்றத்தின் முத்திரை வைத்தது.
அதிலும் எண்கள்தான்:
முதல் வெள்ளி, மூன்றாம் வெள்ளி,
ஐந்தாவது விழுகிற மாதத்தில் அதுவும்.
மாலை ஆறு மணியிலிருந்து ஞாயிறு ஆறு மணிவரை
ஐவி என்னிடம்.
போன மாதம் அவள் அம்மா
சாட்டனூகாவுக்குக் குடிபோனாள்.
ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை.
ஒன்று ஒன்றாகவே இருக்கிறது, மூன்று மூன்றாகவே.
போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்
நெடுஞ்சாலை மட்டும் கூடியிருக்கிறது.

நாலாவது டேக்.
இரண்டாம் சரணத்துக்குப் பிறகு பதினாறு நொடி எனக்கு.
ஆறு வந்தது, கோடு கிழித்த ஆறு.
விரல் கம்பியில் வழுக்கிக் கீச்சென்றது.
"மன்னிக்கணும், மறுபடி வாசிக்கிறேன்."
மேபெரி உடனே பதில் சொல்லவில்லை.
ப்ரீ ஆன் தேன் குவளையைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
"இருக்கட்டும்," என்றார் மேபெரி,
"எப்படிச் செய்தாய் அதை?"
ஆர்வில் புதிரிலிருந்து தலை தூக்கவில்லை.

ஒரு மணி.
யூனியன் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.
மூன்று மணி நேரம், கிட்டார் ஒன்று.
கீச்சுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இரண்டு மணிக்கு இரண்டு தெரு தள்ளி
ஒரு கல்யாணப் பாட்டு.
சாண்ட்விச்சை வண்டியிலேயே தின்றபடி
அனுப்பியிருந்த தாளைப் பார்த்தேன்:
ஒன்று, நாலு, ஐந்து. ஆறே இல்லை.
இன்று வெள்ளிக்கிழமை.
மயோனைஸ் ஒட்டிய விரல்களை விட்டு
எத்தனையாவது என்று எண்ணினேன்.
இரண்டாவது.